கடலுக்குப் பயந்த குத்புதீன்

திருச்சியில் வெயிலுக்குப் பயந்தவர்கள் உண்டு. கொசுவுக்குப் பயந்தவர்கள் உண்டு. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ரோட்டைக் கடக்கப் பயந்தவர்கள் ஏராளம். கடலுக்குப் பயந்தவர் என்றால் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். என் தங்கை வஹீதாவின் கணவர் குத்புதீன். எங்கள் பாலக்கரையிலிருந்து கடல் நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எந்த அலையும் தஞ்சாவூரைத் தாண்டி, டோல்கேட்டில் காசு கட்டிவிட்டு எங்களைத் தேடி வரப்போவதில்லை. இருந்தும் பயந்தார். அவர் இப்போது ஊரில் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கும் அவருக்கும் ஒரே வயது. ஒரே தெரு, ஒரே மதரஸா, ஒரே உஸ்தாதிடம் அடி. நிக்காஹ் வரைக்கும் ‘டேய்’ போட்டுக்கொண்டிருந்தோம். அவர் என் தங்கையைக் கட்டிய மறுநாள் காலையில், வீட்டுப் பெரியவர்கள் முன்னால், இருவரும் ஒருவரையொருவர் ‘வாங்க மச்சான், உக்காருங்க மச்சான்’ என்று கூப்பிட்டுவிட்டு, கொல்லைப்பக்கம் போய்ச் சிரித்தோம். அப்புறம் அதுவே பழகிவிட்டது.

எங்கள் சிறுவயதில் கொண்டாட்டம் என்றால் பெருநாள் ஒன்று, புதுத்தண்ணீர் இன்னொன்று. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தால் போதும், டீக்கடையில் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். கரூர் தாண்டிவிட்டதாம், முசிறிக்கு வந்துவிட்டதாம், முக்கொம்பில் பாதியைக் கொள்ளிடத்தில் தள்ளிவிடுவார்களோ என்னவோ. நாங்கள் காவிரிப் பாலத்துக்குக் கீழே மணலில் போய் நின்றுகொள்வோம். தண்ணீர் பெரிய ஆரவாரத்தோடு வராது. சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு, பழுப்பாக, மணலைத் தடவிக்கொண்டு வரும். அதற்கு முன்னால் ஓடுவோம். நின்று காலை நனைத்துக்கொண்டு மறுபடி ஓடுவோம். குத்புதீன் மட்டும் ஓடமாட்டான். அது முழங்கால் வரும் வரை ஒரே இடத்தில் நின்று, ‘வா, வா’ என்று விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டுக்கொண்டிருப்பான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

காவிரி ஒழுங்கான ஆறு. வருவதற்கு முன்னால் சொல்லியனுப்பும். போகும்போதும் மெல்லத்தான் போகும். போனால் மணலில் இறங்கி விளையாடலாம், ஊற்றுத் தோண்டலாம், குட்டையில் மாட்டிக்கொண்ட கெண்டையைத் துண்டு போட்டுப் பிடிக்கலாம். அதனால் எங்கள் ஊரில் பிறந்தவனுக்குத் தண்ணீர் பின்னால் போனால் கால் தானாக முன்னால் போகும். அந்தப் பழக்கம்தான் பின்னாளில் குத்புதீனைக் கொல்லப் பார்த்தது.

கல்யாணச் சமையலில் எடுபிடியாகத் தொடங்கி, சிங்கப்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போய், அங்கிருந்து ஒரு கப்பலில் சமையல்காரராகச் சேர்ந்தார். சரக்குக் கப்பல் இல்லை. கடலின் அடித்தரையை அளக்கும் கப்பல். நாடு விட்டு நாடு இன்டர்நெட் போகும் கேபிளைக் கடலுக்கு அடியில்தான் போடுகிறார்களாம். போடுவதற்கு முன்னால் தரை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமே. கப்பலிலிருந்து சத்தத்தைக் கீழே அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துப் படம் வரைவார்கள் என்றார். அதே கப்பலில் பரிமாறும் வேலையில் இருந்தவன் அற்புதசாமி. எங்கள் திருச்சி காட்டூர்க்காரன். நடுக்கடலில் ஒரு காட்டூர்க்காரனைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இருவரும் அண்ணன் தம்பியாகவே ஆகிவிட்டார்கள். லீவுக்கு வந்தால் இவர் அங்கே கேக் சாப்பிடப் போவார், அவன் இங்கே பிரியாணிக்கு வருவான். வந்தால் என் தங்கை மகள் தஸ்லிமாவைத் தோளிலிருந்து இறக்கமாட்டான்.

குத்புதீன் பெட்டியைத் திறக்கும் நாள் எங்கள் தெருவுக்கே திருநாள். கோடாலித் தைலம், மைலோ டப்பா, எனக்கு ஒரு டார்ச் லைட். வருடா வருடம் டார்ச் லைட்தான். நான் இருட்டில் குடித்தனம் நடத்துகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. எல்லோரும் சிங்கப்பூரைப் பற்றிக் கேட்டால் அவர் கடலடியைப் பற்றிச் சொல்வார்.

“கீழ மலை இருக்கு மச்சான். நம்ம மலைக்கோட்டைய அதுங்க பக்கத்துல வச்சா பல்லுக்குச்சிதான். பள்ளத்தாக்கு இருக்கு. ஆறு ஓடின தடம் மாதிரியே இருக்கு. அந்த மலையெல்லாம் சில சமயம் சரியும்.”

“தண்ணிக்குள்ளேயா?”

பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் மணல் குவிந்து கிடந்தது. அவர் குனிந்து அடியிலிருந்து ஒரு கை மணலை அள்ளினார். மேலிருந்து சரசரவென்று ஒரு பக்கம் முழுக்க இறங்கியது.

“இதேதான். ஆறெல்லாம் கொண்டுபோய்க் கொட்டற மண்ணு கடலோரத்துல சரிவா குவிஞ்சுகிட்டே இருக்கும். ஒரு நாள் தாங்காது. சின்னதா பூமி ஆடினா போதும். சில சமயம் அது கூட வேணாம்.”

“சரிஞ்சா சரியட்டும். நமக்கென்ன?”

“மண்ணு இறங்கினா அதுக்கு மேல இருக்கற தண்ணிய யாரு பிடிச்சுக்கறது மச்சான்?”

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அப்போது அவருக்கு அது ஒரு வேடிக்கைக் கதைதான்.

இந்தோனேசியாப் பக்கம் ஒரு தீவில், ஒரு சின்ன விரிகுடாவில் கப்பல் நின்றிருந்தது. காலையில் மீனும் காய்கறியும் வாங்க இவரும் அற்புதசாமியும் படகில் கரைக்குப் போனார்கள். சந்தை கடற்கரையிலேயே இருந்தது. வாங்கி முடித்துத் திரும்பும்போது, கட்டிவைத்திருந்த படகு தரை தட்டிக் கிடந்தது. கடல் பின்னால் போயிருந்தது. ஈர மணல் பளபளவென்று கிடக்க, அதில் மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. பூமி ஆடவில்லை. சைரன் ஊதவில்லை. வானம் தெளிவாக இருந்தது. காவிரிக் கரையில் பிறந்த இரண்டு பேரும் என்ன செய்வார்கள்? லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். அற்புதசாமி துண்டை விரித்து மீன் பொறுக்கினானாம். ‘அண்ணே, காட்டூர் வாய்க்கால்ல கூட இப்படிக் கிடைச்சதில்லண்ணே’ என்றானாம்.

மீன் விற்ற அம்மாள் ஒருத்தி பின்னால் ஓடிவந்து குத்புதீனின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கத்தினாள். பாஷை புரியவில்லை; அவள் முகம் புரிந்தது. அவள் இழுத்த இழுப்பில் மேட்டுக்கு ஓடினார். ஓடிக்கொண்டே கூப்பிட்டார். அற்புதசாமி துண்டை முடிந்துகொண்டு வரலாம் என்று நின்றான்.

அதற்கு மேல் குத்புதீன் வெகுநாள் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பிறகு கப்பல்காரர்கள் அந்த விரிகுடாவை அளந்து பார்த்தார்கள். சரிவில் ஒரு பெரிய துண்டைக் காணோம், யாரோ கடித்து எடுத்த மாதிரி. அங்கே ஒரு ஆறு கடலில் கலக்கிறது. அது காலம் காலமாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டல்தான் கீழே சரிந்து, மேலே தண்ணீரைக் கிளப்பியிருக்கிறது. கப்பலில் இருந்த ஆராய்ச்சிக்காரர் ஒருவர் குத்புதீனைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்துப் பொறுமையாக எல்லாம் விளக்கினாராம். தூரத்தில் பெரிய பூகம்பம் வந்தால் கருவிகள் கண்டுபிடித்துச் சொல்லும், ஓட நேரம் இருக்கும். கரைக்குப் பக்கத்திலேயே மண் சரிந்தால் கருவிக்கும் தெரியாது, நேரமும் இருக்காது, நம் கண்ணையும் காலையும்தான் நம்ப வேண்டும் என்றாராம். அந்த மனிதர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கு ஏறிய பயம் குத்புதீனை விட்டு இறங்கவில்லை.

ஊருக்கு வந்தவர் முதலில் காட்டூரில் அற்புதசாமியின் வீட்டுக்குத்தான் போனார். அப்புறம்தான் வீட்டுக்கு வந்தார். கப்பல் பக்கம் திரும்பவே இல்லை. பாலக்கரையில் ஆர்டர் பிடித்துக் கல்யாணச் சமையல் செய்தார். நன்றாகவே போனது. சாயங்காலம் நான் பெரிய கடை வீதியில் பைகள் விற்கும் என் கடையை மூடியதும் இருவரும் காவிரிப் பாலத்துக்குப் போவோம். வேர்க்கடலை வாங்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்போம். ஒரு பக்கம் மலைக்கோட்டை விளக்கு, இன்னொரு பக்கம் ஸ்ரீரங்கத்துக் கோபுர விளக்கு, கீழே தண்ணீரோ மணலோ, வருஷத்துக்கு ஏற்றபடி. பேச்சு ஒன்றும் பெரிதாக இருக்காது. எந்தக் கல்யாணத்தில் யார் இரண்டாம் தடவை பந்தியில் உட்கார்ந்தார்கள் என்கிற மாதிரிப் பேச்சு. என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது எப்போது என்று யாராவது கேட்டால் அந்த நேரம்தான் என்பேன்.

கடல் பேச்சு மட்டும் வரக்கூடாது. நாகூர் கந்தூரிக்குத் தெருவே வேன் வைத்துப் போனது, அவர் போகவில்லை. கன்னியாகுமரி டூரில் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை. டிரைவருக்குத் துணையாக உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டார். நான் கிண்டல் செய்வேன். வஹீதா என்னை முறைப்பாள்.

இப்படிப்பட்டவரின் மகளுக்குக் கடற்கரையிலிருந்து வரன் கொண்டுவந்த புத்திசாலி வேறு யாரும் இல்லை, நான்தான்.

என் கடைக்குச் சரக்கு அனுப்புகிறவர் சொன்ன இடம். நாகூருக்கும் காரைக்காலுக்கும் இடையில் கடலோர ஊர். பையன் பெயர் ஹாலித். மஸ்கட்டில் துறைமுகத்தில் வேலை. தகப்பன் சுனாமியில் போய்விட்டார். தாய் ஜீனத் தனியாக நின்று மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். தஸ்லிமா அப்போது மன்னார்புரத்தில் ஒரு ஆபீஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். போட்டோ பார்த்தாள். ஒரே ஒரு தடவை போனில் பேசினாள். பேசிவிட்டு வந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்கும் வஹீதாவுக்கும் விஷயம் முடிந்துவிட்டது.

குத்புதீனுக்கு முடியவில்லை. “வேணாம்” என்றார்.

“பையன் சரியில்லையா?”

“தங்கமான பையன்.”

“குடும்பம்?”

“நல்ல குடும்பம். வேணாம்.”

கடைசியில் வாயைப் பிடுங்கியதில் விஷயம் வெளியே வந்தது. பையன் மஸ்கட்டுக்குப் போய்விடுவான். பெண் மாமியார் வீட்டில்தான் இருக்க வேண்டும். அந்த வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. லட்சக்கணக்கான ஜனங்கள் பிறந்து வளர்ந்து கிழமாகிற ஊர்களில் உங்கள் பெண் மட்டும் வாழக்கூடாதா என்று கத்தினேன். அவர் திருப்பிக் கத்தவில்லை. நம்ம கரையில் நாளைக்கே நடக்கும் என்று தானும் சொல்லவில்லை, எங்கேயும் எப்போதாவதுதான் நடக்கும், ஆனால் நடந்ததைத் தன் கண்ணால் பார்த்துவிட்டதாகச் சொன்னார்.

தஸ்லிமா அறைக்குள்ளிருந்து வந்தாள். அழுதிருந்தாள்.

“அத்தா, எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு. நீங்க பயப்படறதுக்காக நான் பிடிக்கலன்னு சொல்லணுமா?”

அவர் எழுந்து அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார். அவருக்கு மனசு சரியில்லை என்றால் வெங்காயம் உரிப்பார். அன்றைக்கு உரித்ததில் இரண்டு கல்யாணம் நடத்தியிருக்கலாம்.

எங்கள் பக்கம், மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் பேச்சு முடிந்ததாகக் கணக்கு. ‘பார்த்துவிட்டாவது வேண்டாம் என்று சொல்லுங்கள்’ என்று நானும் வஹீதாவும் நச்சரித்து அவரை ரயிலேற்றினோம். பெண்ணின் மாமன் என்ற முறையில் நானும் போனேன். தஞ்சாவூர் தாண்டியதிலிருந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வயலும் வாய்க்காலுமாக ஒரே பச்சை. திடீரென்று சொன்னார்: “இந்த மண்ணெல்லாம் நம்ம ஊர் வழியா வந்ததுதான் மச்சான். நாம கால் நனைச்ச தண்ணிதான் கொண்டாந்திருக்கு.” கொஞ்ச நேரம் கழித்து, “மிச்சம் கடலுக்குள்ள போயிருக்கும்” என்றார். இந்த மனிதரோடு போய் நல்ல காரியம் பேச முடியுமா?

ஜீனத் அம்மா நன்றாக வரவேற்றார். அந்தப் பக்கம் அண்ணனை ‘நானா’ என்பார்கள். “வாங்க நானா, உக்காருங்க நானா” என்று வாய் நிறையக் கூப்பிட்டு, இறால் பதித்த வாடா, இனிப்புக்கு வட்டிலப்பம் என்று தட்டுத் தட்டாக வைத்தார். மூத்த மகள் ருக்ஸார் கைக்குழந்தையோடு வந்து சலாம் சொன்னாள். நான் சாப்பிட்டேன். குத்புதீன் தட்டைத் தொடவில்லை. வீட்டையும் பார்க்கவில்லை. எழுந்து தெருவுக்குப் போனார். கடலைப் பார்த்து நின்றார், திரும்பி மேற்கே நடந்தார், சந்து சந்தாக நுழைந்து வந்தார். மாடி உள்ள வீடு எது, அதன் படிக்கட்டு வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா, தெருமுனைக் கல்யாண மண்டபத்துக்கு எத்தனை மாடி, ராத்திரியில் அதன் கேட்டைப் பூட்டுவார்களா என்று கடைக்காரர்களிடமெல்லாம் விசாரித்தார். சம்பந்தம் பேச வந்தவரா, களவுக்கு நோட்டம் பார்க்க வந்தவரா என்று எவனாவது கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கு வியர்த்துவிட்டது.

ஜீனத் அம்மா முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தார்.

“என்ன நானா தேடுறீங்க?”

“ஓடறதுக்கு வழி தேடறேம்மா.”

எனக்கு உயிரே போய்விட்டது. சுனாமியில் கணவனைப் பறிகொடுத்தவரிடம் சொல்கிற பேச்சா இது! ஆனால் அவர் கோபப்படவில்லை.

“நாங்க அதைப் பார்த்தவங்க நானா. இப்ப சைரன் வச்சிருக்காங்க. போன்ல தகவல் வரும். அன்னைக்கு மாதிரி இல்ல.”

அப்போதுதான் குத்புதீன் எல்லாவற்றையும் சொன்னார். எங்களிடம் சொல்லாததையும் சேர்த்து. கரைக்குப் பக்கத்தில் அடியில் மண் சரிந்தால் சைரனுக்கு முன்னால் தண்ணீர் வந்துவிடலாம் என்றார். கடல் திடீரென்று பின்வாங்கினாலோ, என்றைக்கும் இல்லாத இரைச்சல் கேட்டாலோ, யாரிடமும் கேட்காமல், சாமான் எடுக்காமல், மேலே ஏறிவிட வேண்டும் என்றார். சில சமயம் பின்வாங்காமலும் வரும் என்றார். துண்டை முடிந்துகொண்டு நின்ற அற்புதசாமியைப் பற்றிச் சொன்னார். மண்டபத்து வாசலில், நட்டநடு வெயிலில், சொல்லிக்கொண்டே அழுதார்.

“என் பொண்ண இங்க எப்படிம்மா விடுவேன்? என்னால முடியல. தப்பா நினைச்சுக்காதீங்க.”

ஜீனத் அம்மா மெதுவாகக் கேட்டார்: “உங்க பொண்ண இங்க அனுப்பச் சொல்லி யாரு நானா கேட்டா?”

நாங்கள் இருவரும் விழித்தோம்.

“எங்க ஊர்ல பொண்ணு வீட்ட விட்டுப் போகமாட்டா. மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வருவான். கட்டின வீட்டையும் பொண்ணுக்குத்தான் கொடுப்போம். என் புள்ள ஊருக்கு வந்தா உங்க வீட்டுலதான் இருப்பான். இத்தனை நாளா நீங்க ஒரு பதிலும் சொல்லாம இருக்கவும், மாப்பிள்ளைய வீட்டோட வச்சுக்க உங்களுக்கு இஷ்டமில்ல போலன்னு நான்தான் அழுதுகிட்டு இருந்தேன்.”

பெண் புருஷன் வீட்டுக்குப் போவாள் என்பது எங்களுக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவான் என்பது அவர்களுக்கு. யாரும் யாரையும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் கேலி செய்வார்கள். இங்கே அதுதான் மரியாதை. போனில் பேசிய பிள்ளைகள் எந்த வீடு என்பதைப் பற்றியா பேசியிருக்கும்? எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. குத்புதீன் மண்டபத்துப் படியில் தொப்பென்று உட்கார்ந்து, “அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தனை வருஷம் கழித்து அந்தப் பழைய சிரிப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஜீனத் அம்மா சிரிக்கவில்லை.

“உங்க பொண்ணு தப்பிச்சுட்டா நானா. சந்தோஷம். என் பொண்ணுங்க ரெண்டு பேரும் இந்த வீட்டுலதான் இருக்கப்போறாங்க. அதுங்க புள்ளைங்களும் இங்கதான். எங்களுக்கு வேற எங்க போக்கிடம்? எந்த வழியா ஓடணும்னு பார்த்தீங்கள்ல, அதையாவது சொல்லிட்டுப் போங்க.”

குத்புதீனின் சிரிப்பு நின்றுவிட்டது. படியை விட்டு எழுந்து, ருக்ஸாரின் குழந்தையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, “வாங்கம்மா, நடந்து காட்டறேன்” என்றார்.

கல்யாணம் திருச்சியில் நடந்தது. ஹாலித் எங்கள் வீட்டு மாப்பிள்ளையாக வந்து இருந்துவிட்டு மஸ்கட்டுக்குத் திரும்பினான். தஸ்லிமா அத்தா வீட்டிலேயே இருந்தாள், பேரனும் பிறந்தான். கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் குத்புதீன் மாதம் தவறாமல் அந்த ஊருக்குப் போக ஆரம்பித்தார். கன்னியாகுமரியில் பஸ்ஸை விட்டு இறங்காத மனிதர்!

அந்தத் தெரு ஜனங்களிடம் முதலில் பேசிப் பார்த்தார். யார் கேட்பார்கள்? ‘திருச்சிக்காரர் எங்களுக்குக் கடலைப் பற்றிச் சொல்ல வந்துட்டார்’ என்று சிரித்தார்கள். நியாயம்தானே. அப்புறம் தனக்குத் தெரிந்த வழிக்கு வந்தார். ஜமாஅத்தில் அனுமதி வாங்கி, கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில் அடுப்பை ஏற்றினார். தேக்சா நிறைய நெய்ச்சோறு, இன்னொன்றில் கறி போட்ட தால்சா. மாதம் ஒரு நாள், எந்த நாள் என்று சொல்லமாட்டார். கீழிருந்து ஒருவர் தகரத்தைத் தட்டுவார். கையில் ஒரு சாமானும் எடுக்காமல், நின்று யாரையும் கேட்காமல், மேலே வந்தவர்களுக்குத்தான் சோறு. தட்டு எடுத்துக்கொண்டு வந்தால் கூடக் கிடையாது. தட்டு மேலேயே இருக்கும். கிழவிகளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தவர்களுக்கு ஒரு கறித்துண்டு அதிகம். பிள்ளைகள் பறந்து வந்தார்கள். கொஞ்ச நாளில் மீனவர் தெருவிலிருந்தும் வந்தார்கள். ராத்திரியில் கேட்டைப் பூட்டுவதை நிறுத்தினார்கள். நானும் ஒரு தடவை கூடப் போனேன். தகரம் தட்டியதும் செருப்பை எடுக்கத் திரும்பினேன். ‘மச்சானுக்குச் சோறு கிடையாது’ என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். சத்தியமாகப் போடவில்லை. ஜீனத் அம்மாதான் பிறகு ஒளித்து ஒரு தட்டு கொடுத்தார்.

இந்தப் போக்குவரத்தில் பாலத்து மாலைகள் குறைந்துபோயின. நான் குறைப்பட்டுக்கொண்டால், “அதுங்க சின்னப் புள்ளைங்க மச்சான்” என்பார்.

இந்த வருஷம் ஹாலித் மஸ்கட் வேலையை விட்டுவிட்டு தன் ஊர்ப்பக்கத்துத் துறைமுகத்திலேயே வேலை தேடிக்கொண்டான். தினம் திருச்சியிலிருந்து போய்வர முடியாது. இங்கேயே இருங்கள் என்று குத்புதீனோ வஹீதாவோ சொன்னால் தஸ்லிமா இருந்துவிடுவாள். மாப்பிள்ளையும் வாரம் ஒருமுறை வந்து போவான். அவர்கள் ஊர் வழக்கமே அவள் பக்கம்தான். அவள் ஒருநாள் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அத்தாவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

“அத்தா, நான் அவர்கூட அங்க போகவா?”

“இங்க என்னம்மா குறை?”

“ஒரு குறையும் இல்ல. புள்ள அவரப் போன்லதான் பார்த்துகிட்டு இருக்கான். போதும்னு தோணுது.” கொஞ்சம் நிறுத்தினாள். “அந்தத் தெருவுல எல்லாரையும் தைரியமா இருங்கன்னு சொன்னீங்க. என்னை மட்டும் இங்க வச்சுகிட்டுச் சொன்னா, அவங்க உங்களை நம்புவாங்களா அத்தா?”

வஹீதா என்னைப் பார்த்தாள், ஏதாவது சொல்லுங்கள் அண்ணே என்று. நான் குத்புதீனைப் பார்த்தேன். குத்புதீன் அன்றைக்கு வெங்காயம் உரிக்கப் போகவில்லை. “போய்ட்டு வாம்மா” என்றார்.

காலை ரயிலில் ஏற்றிவிட நானும் அவரும் ஜங்ஷனுக்குப் போனோம். வஹீதா வீட்டிலேயே அழுது முடித்துவிட்டாள், ஸ்டேஷனுக்கு வரவில்லை. ஹாலித் பெட்டிகளை ஏற்றினான். குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் டாட்டா காட்டினான். குத்புதீன் வழக்கமாக ஊருக்கே உபதேசம் செய்கிறவர். அன்றைக்கு மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நின்றார். ரயில் நகர்ந்ததும் கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். பிறகு நின்றுவிட்டார்.

பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

“ஒண்ணுமே சொல்லலையே மச்சான்?” என்றேன்.

“என்ன சொல்ல? அவளுக்கு வழி தெரியும். அங்க எல்லாருக்கும் தெரியும்.”

“அப்புறம் என்ன?”

“மாசா மாசம் அந்தப் புள்ளைங்கள மாடிலேர்ந்து இறக்கி வீட்டுக்கு அனுப்புவேன். நிம்மதியா ரயில் ஏறி வந்து தூங்குவேன். நல்லது பண்ணிட்டோம்னு தூக்கம் வரும். இன்னைக்கு என் புள்ள போறா. இனிமே எனக்குத் தூக்கம் வராது மச்சான்.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அந்தத் தாய்மாருங்களுக்கெல்லாம் தினமும் இப்படித்தான் இருந்திருக்கு. எனக்குத் தெரியாமப் போச்சு.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதுக்கு அப்புறம் அவர் கையை நான் பிடித்ததில்லை. எதிர் பிளாட்பாரத்தில் ஒரு வண்டி வந்து, ஜனம் இறங்கி, கலைந்து போனது.

“அடுத்த ரயில் எப்ப மச்சான்?”

சாயங்காலம் ஒன்று இருந்தது. போனால் இவர் திரும்பமாட்டார், பின்னாலேயே வஹீதாவும் போய்விடுவாள் என்று எனக்கு அப்போதே தெரியும். வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. எழுந்து போய், வரிசையில் நின்று, அவருக்கு ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தேன்.